வால்வும் வண்டியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் நான்கு பழைய கார்கள் இருக்கின்றன. ஐந்தாவதாக ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. வீட்டில் கடும் எதிர்ப்பு. ஒரு மனிதன் எத்தனை பழைய கார் வைத்துக்கொள்ளலாம் என்று நீங்களே ஒரு எண்ணைச் சொல்லுங்கள், அதை வீட்டில் காட்டிவிடுகிறேன்.

பதில்: எண் சொல்ல மாட்டேன், கணக்குப் போடும் வழியைச் சொல்கிறேன். ஒவ்வொரு வண்டியும் மாதம் ஒருமுறையாவது வெளியே போக வேண்டும், அரை மணி நேரமாவது நல்ல சூட்டில் ஓட வேண்டும். உங்களுக்கு இருக்கிற ஓய்வு நேரத்தில் அப்படி எத்தனை வண்டியை எடுக்க முடிகிறதோ அத்தனை வைத்துக்கொள்ளுங்கள். இப்போதிருக்கிற நான்கில் ஒன்று காற்று இறங்கி மூலையில் நிற்கிறது என்றால் ஐந்தாவது வேண்டாம். நான்குமே ஓடுகின்றன என்றால் தாராளமாக வாங்குங்கள்.

ஓட்டாமல் பத்திரமாக வைத்தால் தேயாது என்று பலர் நினைக்கிறார்கள். பழைய வண்டிக்கு அதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அந்த ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருவை உண்டாக்கி பிஸ்டனை அசையவிடாமல் பிடித்துவிடும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி ஒன்றை ஜெட்டுக்குள் விட்டுவிட்டுப் போகும். அப்புறம் இன்னொரு பழக்கம், நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வண்டி ஓடிச் சூடாகும்போது அது ஆவியாக வெளியே போய்விடும், ஐந்து நிமிடத்தில் அணைத்தால் சைலன்சருக்குள்ளும் இன்ஜின் ஆயிலிலும் தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள், வெளிர் மஞ்சளாகக் கொழகொழவென்று ஏதாவது படிந்திருந்தால் அந்த வண்டி போதுமான தூரம் ஓடவில்லை என்று அர்த்தம்.

வீட்டு எதிர்ப்புக்கு ஒரு யோசனை: ஒரு வண்டியின் சாவியை அவர்களிடமே கொடுத்து, எடுத்துப் போகச் சொல்லுங்கள். பயணியாகவே உட்கார்ந்து வருகிறவர்களுக்கு இந்தப் பிரியம் பிடிபடுவது கஷ்டம், ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் கதை வேறு.

கேள்வி: நண்பர் ஒருவர் 300பி வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்து வெற்றிடக் கண்ணாடிக் குழல்) போட்ட ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருக்கிறார். வெறும் எட்டு வாட். என்னுடையது டிரான்சிஸ்டர், 80 வாட். எப்படி அவருடையது என்னுடையதைப் போலவே சத்தமாகக் கேட்கிறது?

பதில்: அவருடைய ஸ்பீக்கரைப் பாருங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 96 டெசிபல் தருகிற ஸ்பீக்கர் அவரிடம் இருந்து, உங்களுடையது 86 டெசிபல் என்றால் அந்தப் பத்து டெசிபல் வித்தியாசம் பத்து மடங்கு வாட்டுக்குச் சமம். அவருடைய எட்டும் உங்களுடைய எண்பதும் ஒன்றாகிவிடும். 300பி வால்வு வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1930களில் கொண்டுவந்தது, அன்றைக்கு சினிமா தியேட்டர்களின் ஆம்ப்ளிஃபயர்களில் ஓடியது. திரைக்குப் பின்னால் பெரிய ஹார்ன் ஸ்பீக்கர்கள் இருந்ததால் அந்தச் சில வாட்டே அரங்கத்துக்குப் போதுமானதாக இருந்தது. முதலில் ஸ்பீக்கர், பிறகு ஆம்ப்ளிஃபயர், இந்த வரிசையில் வாங்குங்கள்.

கேள்வி: நான் வாங்கிய 1950களின் காரில் அசல் வால்வு ரேடியோ அப்படியே இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் 'ர்ர்ர்' என்று உறுமுகிறது, பாட்டு வரவில்லை. கழற்றிவிட்டுப் புது செட் போடட்டுமா?

பதில்: கழற்றாதீர்கள்! நம் இரண்டு பிரியங்களும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற பொருள் அது. அந்த உறுமல் கேட்கிறது என்றால் பாதி உயிர் இருக்கிறது.

வால்வுக்கு இருநூறு வோல்ட் போல ஹெச்.டி., அதாவது உயர் வோல்டேஜ் டி.சி. வேண்டும், வண்டியின் பேட்டரியோ ஆறு அல்லது பன்னிரண்டு வோல்ட். டி.சி.யை நேராக டிரான்ஸ்ஃபார்மரில் கொடுத்தால் ஒன்றும் ஏறாது. அதனால் வைப்ரேட்டர் என்று ஒரு சின்ன உலோக டப்பாவை உள்ளே வைத்தார்கள். அதற்குள் ஒரு மெல்லிய நாக்கு வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் இரண்டு பக்கமும் அடித்து, மின்சாரத்தை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பும். நீங்கள் கேட்பது அந்த நாக்கு அடிக்கும் சத்தம். 1930இல் கால்வின் சகோதரர்கள் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்கத் தொடங்கிய காலத்திலிருந்து, டிரான்சிஸ்டர் வந்து இடத்தைப் பிடிக்கும்வரை கார் ரேடியோக்காரர்களுக்குத் தீராத தலைவலி இந்த ஹெச்.டி. விஷயம்தான்.

முதலில் மாற்ற வேண்டியது பஃபர் கெப்பாசிட்டர். டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில், அதாவது ஏறிய வோல்டேஜ் வெளிவரும் சுற்றில், குறுக்கே இருக்கும், வோல்டேஜ் ரேட்டிங் ஆயிரத்துக்கு மேல் எழுதியிருக்கும். பழையது எப்படி இருந்தாலும் எடுத்துவிட்டு அதே மதிப்பு, அதே ரேட்டிங்கில் புதிது போடுங்கள். மதிப்பைக் கூட்டிக் குறைத்துப் போட்டால் வைப்ரேட்டரின் பாயின்ட்கள் கருகும், கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும். அதற்குப் பிறகுதான் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களும் மற்றவையும். இன்னொன்று, வண்டி பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா, அதாவது பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து வண்டிகளில் இரண்டும் உண்டு, சில வகை வைப்ரேட்டர்கள் மாற்றிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாது. வேலை முடிந்து, வால்வுகள் சூடாக அரை நிமிடம் காத்திருந்து, டேஷ்போர்டிலிருந்து குரல் மெதுவாக எழுந்து வரும்போது எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

கேள்வி: இஎல்34 வால்வு நான்கில் ஒன்று மட்டும் செக்கச்செவேல் என்று ஒளிர்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: உடனே அணையுங்கள். ஒளி எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. நடுவில், மேலேயும் கீழேயும் தெரிகிற ஆரஞ்சு வெளிச்சம் ஹீட்டருடையது, அது இருக்க வேண்டும். கண்ணாடிச் சுவரில் ஒட்டினாற்போல் தெரியும் நீலமும் கெடுதல் இல்லை. ஆனால் வெளிப்பக்கச் சாம்பல் நிறப் பிளேட் சிவக்கிறது என்றால் அந்த வால்வில் அளவுக்கு மேல் கரண்ட் போகிறது. இஎல்34 பிளேட் தாங்கும் உச்சம் 25 வாட். நாங்கள் எழுபது சதவீதத்தில் நிறுத்துவோம், அதாவது 17.5 வாட். பிளேட்டில் 400 வோல்ட் என்றால் சுமார் 44 மில்லியாம்ப். சிவந்தது எனில் நீங்கள் 25ஐயே தாண்டிவிட்டீர்கள், அடுத்துப் போகப்போவது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்.

காரணம் பெரும்பாலும் வால்வு இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் கப்ளிங் கெப்பாசிட்டர். அது கசிந்தால் முந்தைய ஸ்டேஜின் பாசிட்டிவ் வோல்டேஜ் கிரிட்டுக்கு, வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலைக்கு, வந்துவிடும். அந்த வால்வைக் கழற்றிவிட்டு ஐந்தாம் பின்னில், அதாவது கிரிட்டில், டி.சி. வோல்டேஜ் பாருங்கள். கேத்தோடு பயாஸ் செட்டாக (கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே கரண்டை நிர்ணயிக்கும் வகை) இருந்தால் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். சில வோல்ட் பாசிட்டிவ் காட்டினால் கெப்பாசிட்டர் குற்றவாளி. வால்வு சாக்கெட்டில் இருக்கும்போது மட்டும் வந்து, கழற்றினால் மறைந்துவிடுகிறது என்றால் வால்வுக்குள் வாயு இருக்கிறது, அதைத் தூக்கிப் போடலாம். ஃபிக்ஸட் பயாஸ் செட்டில் (தனி சப்ளையிலிருந்து கிரிட்டுக்கு நெகட்டிவ் வோல்டேஜ் கொடுக்கும் வகை) இதே இடத்தில் நெகட்டிவ் வோல்டேஜ் இருக்க வேண்டும், இல்லை என்றால் பயாஸ் சப்ளையில் கை வையுங்கள்.

கேள்வி: வால்வு ஆம்ப்ளிஃபயர் இனிமை என்பது நிஜமா, பிரமையா? ஒரு வரியில் பதில் தேவை.

பதில்: நிஜம். ஆனால் ஒரு வரியில் விட மனமில்லை. ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிழையைக் குறைப்பது) இல்லாத, ஒற்றை டிரையோடு (மூன்று மின்முனை வால்வு) வைத்த ஆம்ப்ளிஃபயரில் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது மூல அதிர்வெண்ணின் இரட்டிப்பு, தூக்கலாக இருக்கும். அது மூல சுரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே விழுவதால் காதுக்குப் பகையாகப் படுவதில்லை, குரலைக் கொஞ்சம் கனமாக்கிக் காட்டும். அதோடு அவுட்புட் இம்பீடன்ஸ் (ஏ.சி.க்கு இருக்கும் தடை) அதிகம், அதனால் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறி இறங்குகிறபடி சத்தமும் ஏறி இறங்கும், அடித்தொனியில் ஒரு சின்ன மேடு வரும். இவை எல்லாமே மீட்டரில் அளக்கக்கூடியவை.

ஆனால் வால்வு என்றாலே இப்படித்தான் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. 1947இல் பிரிட்டிஷ் இன்ஜினியர் வில்லியம்சன் வெளியிட்ட சர்க்யூட் இரண்டு கேடி66 வால்வுகளில் 15 வாட் கொடுத்தது, டிஸ்டார்ஷன் (ஒலித் திரிபு) 0.1 சதவீதம். அத்தனை துல்லியமாக வேலை செய்கிற ஆம்ப்ளிஃபயரில் மேலே சொன்ன இனிப்பு எதுவும் இல்லை, இருந்தும் அதை இன்றைக்கும் ஆசையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். எனக்கும் அந்த வகைதான் பிடிக்கும். ரிக்கார்டில் என்ன இருக்கிறதோ அது வர வேண்டும்.

கேள்வி: கார் இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. மெக்கானிக் கார்புரேட்டரைப் பலமுறை சுத்தம் செய்துவிட்டார்.

பதில்: நின்ற அந்தக் கணமே ஒரு பிளக் வயரைக் கழற்றி, ஸ்பேர் பிளக்கை மாட்டி, பிளக்கின் உடல் இன்ஜினைத் தொடும்படி வைத்து ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். கையில் பிடிக்க வேண்டாம், பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் செய்யவும் வேண்டாம். பொறி நன்றாக நீலமாக விழுந்தால் கோளாறு பெட்ரோல் பக்கம், லைனில் பெட்ரோல் ஆவியாகித் தடுக்கிறதா பாருங்கள். பொறி மஞ்சளாக மங்கியோ, இல்லாமலோ இருந்தால் கண்டென்சர் அல்லது காயில். சூட்டில் உள்ளே விட்டுப் போய், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும் வியாதி இரண்டுக்குமே உண்டு. கண்டென்சர் மலிவு, அதை முதலில் மாற்றுங்கள். கூடவே பாயின்ட் கேப்பையும் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டும் தொடுமுனைகளின் இடைவெளி) பாருங்கள், பல வண்டிகளில் 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள அளவே முடிவு.

பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். தினமும் ஓட்டுகிற வண்டியில் போடுங்கள், தப்பே இல்லை. பழைய பாயின்ட் செட்டை டேஷ்போர்டு அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய பிரிட்டிஷ் காரில் எந்த ஸ்பேனரும் சரியாக உட்காரவில்லையே?

பதில்: விட்வர்த் அளவாக இருக்கும். ஜோசப் விட்வர்த் 1841இல் வகுத்த அளவு முறை, மரையின் கோணமே 55 டிகிரி, மெட்ரிக்கில் 60. அதற்கென்று தனி ஸ்பேனர் செட் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். கிட்டத்தட்டப் பொருந்துகிற ஸ்பேனரால் போல்ட்டின் மூலைகளை உருட்டிவிட்டால் பிறகு அழுதும் பயனில்லை.

கேள்வி: முப்பது வருடம் யாரும் தொடாமல் கிடந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் கிடைத்தது. பிளக்கில் சொருகிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், வேண்டவே வேண்டாம். உள்ளே நானூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும் பொருள் இது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அந்த வோல்டேஜ் தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும். ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்ஜியம் பார்த்த பிறகுதான் விரல் உள்ளே போக வேண்டும். இந்த வேலை தெரியாது என்றால் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள்.

எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களையும் பேப்பர் கெப்பாசிட்டர்களையும் பேசாமல் மாற்றிவிடுங்கள், பழசைக் காப்பாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மெயின்ஸ் வயரை மாற்றி, எர்த்தை சேசிஸோடு கட்டுங்கள். ஸ்பீக்கரோ அதற்கு ஈடான ரெசிஸ்டரோ மாட்டாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள், சுமை இல்லாமல் சிக்னல் போனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி உள்ளேயே பொறி பறக்கும். முதல் தடவை மெயின்ஸ் லைனில் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், பல்பு அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

வால்வுகளைத் தூக்கிப் போட அவசரப்படாதீர்கள். கண்ணாடியின் உச்சியிலோ பக்கத்திலோ வெள்ளிப் பூச்சு போல இருக்கும், உள்ளே மிச்சமிருக்கும் வாயுவை இழுத்துக்கொள்வதற்காக வைத்த பேரியம் அது. வெள்ளியாகப் பளபளத்தால் வெற்றிடம் இருக்கிறது. பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது.

கேள்வி: ஆம்ப்ளிஃபயர் வால்வுகளை வருடா வருடம் மாற்ற வேண்டும் என்கிறாரே விற்பனையாளர்?

பதில்: தேவையில்லை. இசிசி83 போன்ற சின்ன வால்வுகள் நல்ல சர்க்யூட்டில் பத்தாயிரம் மணி நேரம்கூடத் தாங்கும். அவுட்புட் வால்வுகளுக்கு ஆயுள் குறைவு, சில ஆயிரம் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதையும் காலண்டரைப் பார்த்து மாற்றாமல் கேத்தோடு கரண்டை அளந்து, ஜோடியில் ஒன்று தனியாக இறங்கிப் போகும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கழற்றும்போது கண்ணாடியைப் பிடித்துத் திருகாமல் அடிப்பாகத்தைப் பிடித்து நேராக இழுங்கள்.