சிலிக்கான் கத முடிஞ்சுதா?

கேள்வி: காசிமேட்டுல செல்போன் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன் சார். சும்மா பாக்கெட்டுல இருந்தாகூட போனு சுடுதுன்னு தெனமும் யாராவது வந்து நிக்கறாங்க. சிலிக்கானத் தூக்கிட்டு வேற பொருள்ல சிப்பு பண்ணா கரண்ட்டே குடிக்காதுன்னு வீடியோவுல சொல்றாங்களே, நெசமா?

பதில்: பாக்கெட்டுல சுடுறதுக்கு முக்காவாசி பின்னாடி ஓடுற ஆப்பும் சிக்னல் தேடுறதும் தான் காரணம் தம்பி, மொதல்ல அத கஸ்டமர்கிட்ட சொல்லிடுங்க. மீதி சிப்பு விஷயம். டிரான்சிஸ்டர்ங்கறது வெறும் ஸ்விட்ச்சு. தெருக்குழாய இறுக்கி மூடினாலும் சொட்டுதுல்ல, அந்த மாதிரி ஆஃப்ல இருக்கறப்பவும் கரண்ட் கசியும், ஒரு குழாய்னா பக்கெட்ட வெச்சிடலாம், இங்க ஒரே சிப்புல ஆயிரம் கோடிக்கு மேல குழாய், எங்க போயி வெக்கறது!

ஸ்விட்ச்சு சின்னதாக சின்னதாக இந்தக் கசிவு ஜாஸ்தி. அதான் மாலிப்டினம் டைசல்ஃபைட எடுத்தாங்க. பேரப் பாத்து பயந்துடாதீங்க, மெக்கானிக்குங்க பூசுற கருப்பு கிரீஸ்ல கலக்குற அதே சரக்கு தான். அதோட ஒரு அடுக்கு ஒரு நானோமீட்டர்கூட இல்ல, அவ்ளோ மெல்லிசா இருக்கறதால கேட் (gate), அதாவது ஸ்விட்ச்ச தொறந்து மூடுற பாகம், நல்லா அழுத்தி மூடும். 2025ல சீனாவுல ஃபூடான் யுனிவர்சிட்டிக்காரங்க இதுல 5,900 டிரான்சிஸ்டர் வெச்சு ஒரு பிராசஸரே பண்ணி ஓட்டிக் காட்டினாங்க. 5,900 எங்க, ஆயிரம் கோடி எங்க, நீங்களே பாத்துக்கோங்க.

கிராஃபீனும் இப்படித்தான், பென்சில் கரியோட ஒத்த அடுக்கு அது, 2004ல செல்லோடேப் போட்டு உரிச்சு எடுத்தாங்க, 2010ல நோபலும் வாங்கிட்டாங்க, ஆனா அத ஒழுங்கா ஆஃப் பண்ணவே முடியல, அப்புறம் அது என்ன ஸ்விட்ச்சு?

இன்னொண்ணு வீடியோக்காரங்க சொல்ல மாட்டாங்க. சாதாரண சூட்டுல கசிவ பத்துல ஒண்ணா கொறைக்க வழக்கமான டிரான்சிஸ்டருக்கு 60 மில்லிவோல்ட்டாவது வேணும். அது சிலிக்கானோட குத்தமில்ல, எலக்ட்ரானுக்கு இருக்குற சூடு, கிரீஸ் சரக்குக்கும் அதே கணக்கு தான். பொருள மட்டும் மாத்தினா பத்தாது, ஸ்விட்ச்சு வேல செய்யுற விதமே மாறணும். அதனால சிலிக்கான் இப்போதைக்குப் போவாது, அதுமேலயே புதுசா ஏத்துவாங்கன்னு தான் எனக்குப் படுது. 2007லயே இன்டெல் கம்பெனி ஹாஃப்னியம்ங்கற உலோகம் கலந்த பூச்ச சிலிக்கான் சிப்புக்குள்ள சேத்துடுச்சே, யாரு கவனிச்சோம்?

புதுப்பொருள இப்பவே தொட்டுப் பாக்கணும்னா உங்க கடையிலயே பாருங்க, சின்ன சைஸ்ல 65 வாட் சார்ஜர் பெட்டி மேல கேன்னு (GaN) போட்டு வருதே, தண்ணி கேன் இல்ல, காலியம் நைட்ரைடு. கணக்கு போடுற சிப்பு இல்ல, கரண்ட்ட மாத்திக் குடுக்கற சிப்பு, கம்மியா வீணாக்குது, அதான் சார்ஜர் அவ்ளோ சின்னது.