ரூஸ்வெல்ட் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி நடந்ததா?

கேள்வி: 1933-ல் அமெரிக்கக் கோடீஸ்வரர்கள் சேர்ந்து ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டைக் கவிழ்க்கத் திட்டம் போட்டதாகப் படித்தேன். உண்மையா, கட்டுக்கதையா? (வாசகர், விருதுநகர்)

பதில்: பேச்சு நடந்தது உண்மை. படை ஏதும் திரளவில்லை.

ஓய்வுபெற்ற மரைன் படை ஜெனரல் ஸ்மெட்லி பட்லரைத் தேடி 1933 ஜூலையில் ஜெரால்டு மெக்குவைர் என்ற பங்குப்பத்திர விற்பனையாளர் வந்தார். முன்னாள் படைவீரர் மாநாட்டில் தங்க நாணய முறையை (டாலரின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் முறை) மீட்கச் சொல்லிப் பேசுங்கள் என்பதுதான் முதல் கோரிக்கை. ரூஸ்வெல்ட் டாலரைத் தங்கத்திலிருந்து பிரித்ததில் பணக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். செப்டம்பரில் நெவார்க் நகர ஓட்டல் அறையில் மெக்குவைர் பதினெட்டு ஆயிரம்-டாலர் நோட்டுகளைக் கட்டில்மேல் போட்டார். 'இதில் ஒரு நோட்டை மாற்றினாலும் என் கழுத்து உங்கள் கையில்' என்று பட்லர் மறுத்தார். சில்லறை நோட்டாகவே தருகிறோம் என்றாராம் மெக்குவைர்!

தையல் மெஷின் சிங்கர் குடும்பச் சொத்தின் வாரிசு ராபர்ட் ஸ்டெர்லிங் கிளார்க்கும் நேரில் வந்தார். தன்னிடம் உள்ள 3 கோடி டாலரில் பாதியைச் செலவழித்தாவது மீதியைக் காப்பாற்றிக்கொள்வேன் என்று அவர் சொன்னதாகப் பட்லரின் சாட்சியம்.

1934 ஆகஸ்டில்தான் முழுத் திட்டத்தையும் மெக்குவைர் பட்லரிடம் சொன்னார். பட்லர் தலைமையில் 5 லட்சம் முன்னாள் வீரர்கள். உடல்நலத்தைக் காரணம் காட்டி ரூஸ்வெல்ட்டைப் பொம்மையாக்கி, புதிதாக ஒரு 'பொது விவகாரச் செயலாளர்' ஆள்வார். கைவசம் 30 லட்சம் டாலர், தேவைப்பட்டால் 30 கோடி. இந்தத் தொகைகளுக்கு மெக்குவைரின் வாயைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

ஆள் தேர்விலேயே கோட்டை விட்டார்கள். 1932-ல் போனஸ் கேட்டு வாஷிங்டனில் முகாமிட்ட வீரர்களிடம் போய் ஆதரவாகப் பேசியவர் பட்லர். வீரர்கள் அவர் பின்னால் வருவார்கள் என்று கணக்குப் போட்டது சரி. அவர் பணக்காரர் பின்னால் வருவார் என்றதுதான் தப்பு. பட்லரோ, பால் காம்லி பிரெஞ்ச் என்ற நிருபரை மெக்குவைரிடம் அனுப்பி இரண்டாவது சாட்சியையும் தயார் செய்துவிட்டார்.

கேள்வி: அப்படியானால் ஏன் யாரையும் தண்டிக்கவில்லை? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: விசாரித்தது நீதிமன்றம் அல்ல, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் மெக்கார்மக்–டிக்ஸ்டைன் குழு. அறிக்கை தரலாம், வழக்குப் போட முடியாது. மெக்குவைர் எல்லாவற்றையும் மறுத்தார். ஆனால் ஐரோப்பாவிலிருந்து கிளார்க்குக்கு அவர் எழுதிய கடிதங்களில் அங்குள்ள முன்னாள் வீரர் அமைப்புகளைப் பற்றிய விவரங்கள் இருந்தன. 1935 பிப்ரவரி அறிக்கை பட்லரின் கூற்றுகள் சரிபார்க்கப்பட்டதாகச் சொன்னது; அதே குழு வெளியிட்ட சாட்சியத்தில் பெரிய பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. கிளார்க் விசாரணைக்கு அழைக்கப்படவே இல்லை. இதுதான் எனக்கு உறுத்துகிறது. 1935 மார்ச்சில் மெக்குவைர் 37 வயதில் இறந்தார். பணம் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய ஆளும் போய்விட்டார்.