ஊசியை ஒளித்து வைத்து விளையாடாதீர்கள்: டைப் 1 வீரர்களின் கேள்விகளுக்குப் பதில்

போட்டி சீசன் தொடங்கியதும் கடிதங்கள் கூடிவிட்டன. டைப் 1 சர்க்கரை நோயோடு ஓடுகிற, பந்து உதைக்கிற, எடை தூக்குகிற பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் கேட்டவற்றில் சில இங்கே. இன்சுலின் டோஸை எப்படி மாற்றினாலும் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

400 மீட்டர் பயிற்சி முடிந்ததும் சுகர் 240, 260 என்று ஏறிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மெதுவாக 8 கிலோமீட்டர் ஓடினால் இறங்கிவிடுகிறது. மீட்டர் பழுதா?
பிளஸ் டூ மாணவர், சேலம்

மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. முழு வேகத்தில் ஓடும்போது அட்ரினலின் பொங்கும். கல்லீரல் சேர்த்து வைத்திருக்கும் குளுக்கோஸை அது ரத்தத்தில் இறக்கிவிடும். மற்றவர்களுக்குக் கணையம் உடனே இன்சுலினைக் கூட்டிச் சமாளிக்கும். உங்களுக்கு அது நடக்காது. நிதான ஓட்டத்தில் தசை குளுக்கோஸை இழுத்துக்கொண்டே போகிறது, நீங்கள் போட்ட இன்சுலினும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. அதனால் இறங்குகிறது.

260-ஐப் பார்த்ததும் பதறிப்போய், சுகரை இறக்குவதற்கான முழு கரெக்‌ஷன் டோஸ் போடாதீர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானே இறங்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் பாதி போதும். ஓடிய அன்று இரவு தசைகள் காலியான குளுக்கோஸை மறுபடி நிரப்பிக்கொள்ளும். நள்ளிரவு தாண்டி ‘லோ’, அதாவது சுகர் மிகவும் இறங்கிவிடுவது, வருவது இதனால்தான். படுக்கும் முன் பாருங்கள், முடிந்தால் 2 மணிக்கு ஒருமுறை பாருங்கள்.

சுகர் 300 இருக்கிறது. ஓடலாமா? உடனே பதில் தேவை.
பெயரும் ஊரும் இல்லை

வயது என்ன, எந்த இன்சுலின், கடைசியாக எப்போது போட்டீர்கள், சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று, கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்த்தீர்களா? ஒன்றும் எழுதாமல் 300 என்று மட்டும் எழுதினால் எதை வைத்துப் பதில் சொல்வது? உடனே பதில் வேண்டிய விஷயத்துக்கு டாக்டருக்குப் போன் செய்யுங்கள், கடிதம் எழுதிக் காத்திருக்காதீர்கள். பொதுவான விதி இதுதான்: 250-ஐத் தாண்டிவிட்டது, காரணமும் தெரியவில்லை என்றால் கீட்டோன் பார்க்காமல் மைதானத்தில் இறங்கக் கூடாது. ரத்தக் கீட்டோன் 1.5 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்குப் பயிற்சியே கிடையாது. வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு இருந்தால் நேரே ஆஸ்பத்திரி.

மகளுக்கு 15 வயது, கபடியில் மாவட்ட அளவுக்கு வந்திருக்கிறாள். பள்ளியில் யாருக்கும் சர்க்கரை நோய் பற்றிச் சொல்லவில்லை. தெரிந்தால் டீமை விட்டு எடுத்துவிடுவார்களோ, நாளை கல்யாணப் பேச்சில் இடைஞ்சல் வருமோ என்று பயம். கழிவறைக்குப் போய்த்தான் ஊசி போட்டுக்கொள்கிறாள். இப்படியே சமாளிக்க வழி சொல்லுங்கள்.
ஒரு தாய், மதுரை

இப்படியே சமாளிக்க வழி சொல்ல மாட்டேன் அம்மா. இதே கடிதம் வேறு வேறு ஊர்களிலிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றையும் படிக்கும்போது மனசு பதறுகிறது.

ரெய்டு போகும்போது உங்கள் மகளுக்குச் சுகர் 50-க்கு இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வியர்க்கும், கை நடுங்கும், சொன்னது காதில் ஏறாது, எரிச்சலாகப் பேசுவாள். கபடியில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. விஷயம் தெரியாத பி.இ.டி. மாஸ்டர் அவளைச் சோம்பேறி என்று திட்டுவார், இன்னும் இரண்டு ரவுண்டு ஓடச் சொல்வார். மயங்கி விழுந்தால் பயத்தில் வாயில் தண்ணீரோ ஜூஸோ ஊற்றுவார்கள், அது மூச்சுக்குழாயில் இறங்கும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் பக்கவாட்டில் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும் என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இன்னொன்றும் நடக்கும். லோ வந்து மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, மறைக்கிற பிள்ளைகள் இன்சுலினைக் குறைவாகப் போட ஆரம்பிக்கிறார்கள். சுகர் எப்போதும் 250, 300-லேயே நிற்கிறது. கால் வலுவிழக்கிறது, தாகம், அடிக்கடி சிறுநீர், ஆட்டம் சரிகிறது. கடைசியில் ‘இந்த வியாதியோடு விளையாட முடியாது’ என்று வீட்டில் தீர்ப்பாகிவிடுகிறது.

டென்னிஸ் வீரர் அலெக்சாண்டர் ஸ்வெரெவுக்குச் சிறு வயதிலேயே டைப் 1 வந்தது. பல வருடங்கள் வெளியே சொல்லவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் டென்னிஸில் தங்கம் வாங்கிய பிறகு, 2022-இல்தான் எல்லோருக்கும் தெரியும்படி பேசினார். இப்போது மைதானத்திலேயே ஊசி போட்டுக்கொள்கிறார். வாசிம் அக்ரமுக்கு 30 வயதை ஒட்டி, 1997-இல் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகும் ஆறு வருடம் பந்து வீசினார், 2003 உலகக் கோப்பையில் 500-ஆவது ஒருநாள் விக்கெட்டை எடுத்தார். நோய் தெரிந்ததால் அவர்கள் மரியாதை குறையவில்லை.

கல்யாணத்துக்கு வருகிறேன். டைப் 1 யாருடைய தவறாலும் வருவதில்லை, இனிப்பு தின்று வருவதும் இல்லை. இது ஒட்டாது. சுகரைக் கட்டுப்பாட்டில் வைத்து, டாக்டர் கண்காணிப்பில் இருக்கும் பெண்கள் ஆரோக்கியமான குழந்தைகளைப் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அம்மாவுக்கு டைப் 1 இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஐந்துக்கும் குறைவு. மறைத்துச் செய்கிற கல்யாணத்தில் அந்தப் பெண் புகுந்த வீட்டிலும் கழிவறையில்தான் ஊசி போட வேண்டியிருக்கும். அதை விடக் கொடுமை ஏது?

நாளையே பள்ளிக்குப் போங்கள். தலைமையாசிரியர், பி.இ.டி. மாஸ்டர், கேப்டன் மூவரிடமும் மகளையும் வைத்துக்கொண்டே பேசுங்கள். ‘விளையாடலாம்’ என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். டீமை விட்டு எடுக்கப் பார்த்தால் டாக்டரைப் போனில் பேசச் சொல்லுங்கள். நான் பார்க்கும் பிள்ளைகளுக்காக நான் பேசியிருக்கிறேன், பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். கபடி நிக்கரில் பாக்கெட் கிடையாது என்பதால் குளுக்கோஸ் பொடி பெஞ்சில் இருக்கும் ஒருவர் கையில் இருக்க வேண்டும். லோ வந்தால் மூன்று டீஸ்பூன், அதாவது 15 கிராம். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, 70-க்கு மேல் ஏறாவிட்டால் இன்னொரு 15.

என்னைப் போன்றவர்கள் யாரையும் நான் பார்த்ததே இல்லை. சைக்கிள் கிளப்பில் நான் ஒருவன்தான். எங்கே தேடுவது?
சைக்கிள் ஓட்டுபவர், கோயம்புத்தூர்

முதலில் நீங்கள் இன்சுலின் வாங்கும் இடத்திலேயே. உங்கள் டாக்டரிடம், ‘விளையாடுகிற டைப் 1 யாராவது வருகிறார்களா, என் நம்பரைக் கொடுங்கள்’ என்று சொல்லி வையுங்கள். நவம்பர் 14 உலக நீரிழிவு தினத்தை ஒட்டிப் பல ஆஸ்பத்திரிகள் டைப் 1 குடும்பங்களைக் கூட்டுகின்றன, போய்ப் பாருங்கள். வாட்ஸ்ஆப் குழுக்களும் இருக்கின்றன. அங்கே அனுபவத்தை வாங்கிக்கொள்ளுங்கள், டோஸை வாங்காதீர்கள். ஒருவருக்கு 4 யூனிட் சரி என்பது உங்களுக்கு ஆபத்தாக முடியலாம்.

சைக்கிள்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். 2005-இல் அமெரிக்காவில் ‘டீம் டைப் 1’ என்று ஆரம்பித்த அணிதான் பிறகு ‘டீம் நோவோ நார்டிஸ்க்’ ஆனது. அதில் ஓட்டுபவர்கள் அத்தனை பேருக்கும் டைப் 1. கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் உள்ள மிலான்–சான் ரேமோ பந்தயத்திலேயே ஓட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய பேட்டிகளைத் தேடிப் பாருங்கள், வழியில் என்ன தின்கிறார்கள் என்பது முதற்கொண்டு பேசுகிறார்கள்.

மே மாத வெயிலில் இன்சுலினை எப்படி வைப்பது?
திருநெல்வேலி

பிரித்த இன்சுலின் பென்னை 30 டிகிரிக்கு மேல் விடாதீர்கள். ஈரப் பதத்தில் குளிரும் பை கடைகளில் கிடைக்கிறது, மைதானத்தில் சின்ன மண்பானைக்குள் வைத்தாலும் சரி. ஐஸ்கட்டி நேராகப் படக் கூடாது, உறைந்த இன்சுலின் வீண். பைக் டேங்க் பையில் வைக்கவே வைக்காதீர்கள்.

பளு தூக்குகிறேன், அடுத்து தேசியப் போட்டி. இன்சுலின் ஊக்கமருந்துப் பட்டியலில் இருப்பதாக நண்பர் சொல்கிறார். பொய்தானே?
திருவள்ளூர்

உண்மை. ‘வாடா’ எனும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலில் இன்சுலின் எந்த நேரத்திலும் தடை செய்யப்பட்ட மருந்து. பயப்பட வேண்டாம், டைப் 1 உள்ளவர்களுக்கு மருத்துவக் காரண விலக்கு உண்டு. தேசிய அளவு வீரர் என்றால் ‘நாடா’ எனும் இந்திய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பிடம், உங்கள் டாக்டரின் கடிதம், பரிசோதனை முடிவுகளோடு போட்டிக்கு நன்றாக முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். பரிசோதனைக்குப் பயந்து இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

ஓடும்போது உடம்பில் ஒட்டியிருக்கும் சுகர் சென்சார் 95 காட்டுகிறது, ஆனால் உடம்பு நடுங்குகிறது. எதை நம்புவது?
சென்னை

உடம்பை. ஓட்டத்தில் சென்சார் பத்து, பதினைந்து நிமிடம் பின்தங்கும். நின்று குளுக்கோஸ் சாப்பிடுங்கள், விரலில் குத்திப் பாருங்கள். பொடி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும், பையில் வைத்துவிட்டு ஓடாதீர்கள்.

ஒரு மூலிகைச் சூரணம் ஆறு மாதத்தில் இன்சுலினை நிறுத்திவிடும் என்கிறார்கள்.
பலர்

டைப் 1-இல் இன்சுலினை நிறுத்தினால் சில நாளில் உயிர் போகும். இன்சுலினை விடாமல் போடுங்கள்.

கல்லூரிக் கால்பந்து அணியில் ஸ்டாப்பர் (தடுப்பாட்டக்காரர்). போன மாதம் மேட்ச் நடுவே 48-க்கு இறங்கி, தூக்கிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து பயிற்சிக்குப் போகவே பயம். முன்னால் சுகரை 200-க்கு மேல் ஏற்றிக்கொண்டுதான் மைதானத்தில் இறங்குகிறேன்.
தூத்துக்குடி

பயம் நியாயமானது. 48 சாதாரண விஷயம் இல்லை. ஆனால் 200-க்கு மேல் ஏற்றிக்கொண்டு ஆடுவதில் கால் கனக்கிறதே, அதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். ரியல் மாட்ரிட்டின் முன்னாள் டிஃபண்டர் நாச்சோவுக்கு 12 வயதில் டைப் 1 தெரிந்தபோது, கால்பந்தை விட்டுவிடு என்று ஒரு டாக்டர் சொன்னார். இன்னொருவர், விளையாடு என்றார். அவர் ஆடிய ஆட்டம் உங்களுக்கே தெரியும்.

உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து அந்த நாளைப் பிரித்துப் பாருங்கள். மேட்சுக்கு எவ்வளவு முன்னால் சாப்பாட்டு இன்சுலின் போட்டீர்கள், தொடையில் போட்டீர்களா? ஓடுகிற காலில் போட்டால் வேகமாக ஏறும், வயிற்றில் போடுங்கள். மேட்சுக்கு முன் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வரும் சாப்பாட்டுக்கு டோஸைப் பாதியாகக் குறைப்பதைப் பற்றிக் கேளுங்கள். சுகர் 125 முதல் 180-க்குள் இருக்கும்போது மைதானத்தில் இறங்குங்கள், அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். 90-க்குக் கீழே என்றால் முதலில் குளுக்கோஸ், பிறகு மைதானம். இனி கடுமையான லோ வந்தால் 24 மணி நேரத்துக்கு விளையாட்டு வேண்டாம்.

முதல் வாரம் 20 நிமிடம் மட்டும் போங்கள், உங்களுக்கு லோ வந்தால் முகம் எப்படி மாறும் என்று தெரிந்த ஒரு நண்பரோடு. அடுத்த வாரம் 40. எண்களை எழுதி வைத்து எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.