பாதி விலையில் ஆயுள் சந்தா: கொடுக்கலாமா?

வணக்கம் சார். ஆண்டுச் சந்தா 300, ஆயுள் சந்தா 3,000. அதைப் பொங்கல் வரை 1,500க்குத் தரலாமா என்று உங்கள் நுகர்வோர் சங்கத்துக்காகக் கேட்டிருக்கிறீர்கள். இந்த விலைக்கு வேண்டாம் என்பேன்.

1,500ஐ 7 சதவீத வட்டிக்கு வைப்பில் போட்டால் வருடத்துக்கு 105 ரூபாய். மாத இதழை அச்சடித்துத் தபாலில் அனுப்பும் செலவே அதைத் தாண்டிவிடும். அதோடு, தவறாமல் 300 கட்டிக்கொண்டிருப்பவர்தான் முதலில் ஓடி வருவார். ஆறாம் வருடத்திலிருந்து அவரிடம் வரவேண்டியது போச்சு.

அமெரிக்காவின் தேசிய ரைபிள் சங்கம் இப்படித் தள்ளுபடி கொடுப்பது உண்மைதான். ஆண்டு உறுப்பினர் தொடர்ந்து 5 வருடம் இருந்தால்தான் அங்கே இயக்குநர் தேர்தலில் வாக்கு. ஆயுள் உறுப்பினருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. சேர்ந்தவரிடம் திரும்பத் திரும்ப நன்கொடை கேட்கவும் ஆள் வைத்திருக்கிறார்கள். உங்களிடம் அந்த ஏற்பாடு உண்டா?

கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வரவேண்டும் என்ற கணக்கு, அந்தத் தொல்லை வேறு. வீடு மாறியவர், காலமானவர் எல்லாம் பதிவேட்டிலேயே இருப்பார்கள். பொதுக்குழுவுக்கு ஆள் சேராது. (தலைக்கணக்கு காட்டி அமைச்சரிடம் மனு கொடுக்க மட்டும் உதவும்!)

கொடுத்தே தீரவேண்டுமென்றால், சந்தா விட்டுப்போன பழைய உறுப்பினர்களுக்கு மட்டும் 2,400க்கு, நான்கு தவணையில் கொடுங்கள். இதழ் வாட்ஸ்அப்பில்தான் வரும் என்று படிவத்திலேயே போட்டுவிடுங்கள். பணத்தைத் தனி வைப்பில் வைத்து வட்டியை மட்டும் எடுங்கள்.