புராஸ்டேட் புற்றுநோய் யாருக்கு எப்படிப் போகும் என்று செயற்கை நுண்ணறிவு கணிக்குமாமே, நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு அது சரிப்பட்டு வருமா?

கணிக்கும். ஆனால் அது யாரைப் பார்த்துப் படித்தது என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் பெரியப்பா கதையைச் சொன்னால் புரியும்.

களக்காட்டுப் பக்கம் வாழை போட்டிருந்தார். ராத்திரி நாலைந்து தடவை ஒண்ணுக்கு எழும்புவார். "வயசானா அப்படித்தாம்ல" என்று இரண்டு வருஷம் ஓட்டிவிட்டார். இடுப்பு வலி தாங்காமல் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனபோது எலும்புவரை பரவியிருந்தது. ஆண் ஹார்மோனை அடக்க வேண்டும். அதைச் சுரக்கும் விரையை எடுத்துவிட்டால் ஒரே தடவையோடு செலவு முடியும், இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி என்றார் டாக்டர். "அதுக்குப் பதிலா சாகலாம்" என்றார் பெரியப்பா. ஊசிதான். இரண்டு போட்டார். மூன்றாவது ஊசி சமயத்தில் சூறைக்காற்றில் வாழை மொத்தமும் சாய்ந்தது. கையில் காசு இல்லை, போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. நோய் மறுபடி தலைதூக்கியதும் வேறொரு ஆஸ்பத்திரி, அப்புறம் திருவனந்தபுரம். கடைசியில் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார். அவர் இறந்தது அந்த மூன்று இடத்து ஃபைலிலும் இருக்காது.

இனி கணினிக்கு வருவோம். பயாப்சியில் எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோய் எவ்வளவு வேகமானது என்று கிளீசன் மதிப்பெண் போடுவது 1960களிலிருந்து இருக்கும் வழக்கம். அந்தச் சதையை ஒட்டிவைத்த ஒரே கண்ணாடிச் சில்லுக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு மதிப்பெண் போடுவதும் உண்டு. அந்தச் சில்லின் படத்தோடு வயது, பிஎஸ்ஏ (ரத்தத்தில் பார்க்கும் புராஸ்டேட் புரதம்) அளவு எல்லாம் சேர்த்துக் கணிக்கும் ஒரு கணினி மாடல் 2022இல் வந்தது. ஐந்து மருத்துவச் சோதனைகளில் சேர்ந்த 5,654 பேர், சராசரியாகப் பதினோரு வருஷத்துக்கு மேல் கண்காணிக்கப்பட்டவர்கள். அதே வழியில் 2023இல் வந்த ஆய்வில், நடுத்தர ஆபத்து உள்ளவர்களே பெரும்பாலும் இருந்த 1,594 பேரில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குத்தான் கதிர்வீச்சோடு ஹார்மோனை அடக்கும் ஊசியும் பலன் தரும் என்று மாடல் பிரித்துக் காட்டியது. வேண்டாத ஊசி மிச்சமானால் நம் மாதிரி வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர்கள் நோய் பரவும் முன்னே பிடிபட்டவர்கள், ஒழுங்காகச் சிகிச்சைக்கு வந்தவர்கள். சரி, நம் ஆட்களின் ஃபைலையே கொடுத்துக் கற்றுக்கொடுக்கலாமே என்றால், பெரியப்பா ஃபைலில் என்ன இருக்கிறது? 'ஊசி ஆரம்பித்தும் சீக்கிரம் திரும்பிய நோய்' என்றுதான். மாடல் அதைக் கொடூரமான கட்டி என்று படித்துக்கொள்ளும். காற்றடித்தது அதற்குத் தெரியாது. 2019இல் அமெரிக்காவில் இதே ரகத் தவறு ஒன்று வெளிவந்தது. செலவை வைத்து நோயின் கடுமையை அளந்த ஒரு மென்பொருள், வைத்தியத்துக்குக் குறைவாகச் செலவான கறுப்பினத்தவரை உள்ளதைவிட ஆரோக்கியமானவர்கள் என்று கணக்குப் போட்டிருந்தது.

இன்னொன்று, சில்லு எடுத்த பிறகுதான் கணினிக்கு வேலை. எங்கள் ஊரில் சிக்கல் அதற்கும் முன்னால். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வீட்டுக்கு ஓர் அக்கா வருகிறார். அவரிடம் மூத்திரம் சொட்டுவதை எந்த ஆம்பளை வாய்விட்டுச் சொல்வான்?

உங்கள் வீட்டில் யாருக்காவது பயாப்சி எடுத்திருந்தால் சில்லையும், மிச்சச் சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி வையுங்கள். எந்த ஊசி எந்தத் தேதியில் விட்டுப்போனது, ஏன் என்பதையும் அந்தப் பையிலேயே ஒரு தாளில் எழுதிப் போடுங்கள். பெரியப்பாவின் மஞ்சப்பையில் அந்தத் தாள் இல்லை.