சிகாகோ பக்கம் இருப்பதற்கு ‘வடமேற்கு’ என்று பெயரா?

நார்த்வெஸ்டர்ன் (‘வடமேற்கு’) பல்கலைக்கழகத்தைச் சியாட்டில் பக்கம் தேடினேன், சிகாகோ அருகே இருப்பதற்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டிருந்தீர்கள். பல்கலைக்கழகம் இடம் மாறவில்லை; அமெரிக்காதான் மேற்கே நீண்டுவிட்டது. நீங்கள் சியாட்டில் பக்கம் தேடியதில் தவறில்லை, இன்று வடமேற்கு என்றால் அதுதான்.

1787-இல் நாட்டின் மேற்கு எல்லையே மிசிசிப்பி ஆறு. ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே, மிசிசிப்பி வரை கிடந்த நிலத்துக்கு ‘வடமேற்குப் பிரதேசம்’ என்று பெயர். சிகாகோ இருக்கும் இல்லினாய் அதற்குள் அடக்கம். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்காக 1851-இல் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியதால் இந்தப் பெயர்.

வரைபடத்தில் அந்த இரண்டு ஆறுகளையும் விரலால் தொடர்ந்து பாருங்கள். மிச்சிகன் ஏரிக்கரையில் பல்கலைக்கழகம் இருக்கும் எவன்ஸ்டன் நகரம் உள்ளேயே விழும்.

ஒன்று: 1851-இல் அந்தப் பிரதேசம் நிர்வாக அளவில் இல்லை. இல்லினாய் 1818-இலேயே மாநிலமாகிவிட்டது. பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பெயர்தான். பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் (‘வடகிழக்கு’) பல்கலைக்கழகம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.