காணாமல் போகும் கடைசிப் பூஜ்யம்

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கான அமைப்புகளை யாமெல் என்ற உரை வடிவக் கோப்பில் எழுதி, ஜேஎஸ்-யாமெல் நூலகத்தின் மூலம் படிக்கிறேன். கோப்பில் பதிப்பு எண் 1.10 என்று இருக்க, நிரலுக்கு 1.1 என்றே கிடைக்கிறது. இது நூலகத்தின் பிழையா?

பதில்: இல்லை. மேற்கோள்குறி இல்லாத மதிப்பு எண்ணா, உண்மை–பொய் மதிப்பா, வெறும் சொல்லா என்பதை அதன் தோற்றத்தைக் கொண்டே முடிவு செய்வது யாமெல் மொழியின் விதி. 1.10 ஓர் எண்ணாகப் படிக்கப்பட்டவுடன், கணிதத்தில் அதற்கும் 1.1-க்கும் வேறுபாடு இல்லாததால், கடைசிப் பூஜ்யம் அங்கேயே மறைந்துவிடுகிறது. பிறகு அதைச் சரமாக (எழுத்துத் தொடராக) மாற்றினாலும் அந்தப் பூஜ்யம் திரும்பாது. ஆகவே பதிப்பு எண்களையும், பூஜ்யத்தில் தொடங்கும் அடையாள எண்களையும் எப்போதும் மேற்கோள்குறிக்குள் எழுதுங்கள்.

அதே கோப்பைப் பைத்தான் நிரலும் படிக்குமானால் கூடுதல் கவனம் தேவை. பைத்தானின் பையாமெல் நூலகம் யாமெல் மொழியின் பழைய 1.1 பதிப்பின் விதிகளைப் பின்பற்றுவதால், மேற்கோள்குறி இல்லாத ‘நோ’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பொய் என்ற மதிப்பாக எடுத்துக்கொள்ளும். ஜேஎஸ்-யாமெல் அதைச் சொல்லாகவே வைத்திருக்கும்.

கோப்பைத் திருத்தும் உரிமை உங்களிடம் இல்லையென்றால், படிக்கும்போது மதிப்புகளின் வகையை முடிவு செய்யும் விதித்தொகுப்பாக நூலகத்தின் ‘ஃபெயில்சேஃப்’ திட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் எல்லாத் தனி மதிப்புகளும் சரமாகவே வரும், தேவையானவற்றை நீங்களே எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு இந்த வழியே அதிக நம்பிக்கை தருகிறது.

மேலும், நூலகத்தின் 4-ஆம் பதிப்புக்கு முந்தைய ‘லோடு’ செயற்கூறு, கோப்பில் எழுதப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறுகளையும் உருவாக்கி, தீய நிரல் நுழைய வழிவிடும் என்பதால், பழைய பதிப்பை வைத்திருந்தால் உடனே புதுப்பித்துவிடுங்கள்.